துன்னலும் பொல்லமும்: ஒட்டுப்போர்வையைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தோற்றுவாய்

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மக்கள் வாழ்க்கைக்கு இன்றியமையாதன. இவற்றுள் உணவில் எஞ்சியது ஆடுமாடுகளுக்கு ஆகும். உறையுளில் எஞ்சிய மரமும் கல்லும் மற்றொரு சுவருக்கு ஆகும். உடையில் எஞ்சிய துண்டோ பெரும்பாலும் குப்பையையே சேர்கின்றது. தையற்காரர் கடையின் மூலையில் குவிந்து கிடக்கும் வெட்டுத்துணிகளைப் பார்த்தவர் பலர். அக்குவியலுக்குள் ஒரு போர்வை இருப்பதைக் கண்டவர் சிலரே. அச்சிலர் ஆக்கிய பொருளே ஒட்டுப்போர்வை. ஒரே அளவுள்ள சிறு சதுரங்களாக வெட்டிய துணித்துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேல்முகமாக்கி, இடையில் ஒரு துணியும் அடியில் ஒரு துணியும் வைத்து, மூன்றையும் ஊடுருவத் தைப்பது அதன் இலக்கணமாகும்.

தமிழ் பயிலும் மாணவன் ஆராய்தற்கு இது தக்க பொருளோ என்று சிலர் வினவக்கூடும். கிழிந்த ஆடையில் ஒட்டிட்டால் அதனை நாம் வறுமை என்கின்றோம். துண்டுகளை ஒட்டிப் போர்வை செய்தால் அதனையே கைத்திறன் என்கின்றோம். ஊசியும் நூலும் இரண்டிற்கும் ஒன்றே. துண்டும் பெரும்பாலும் ஒன்றே. அங்ஙனமாயின் வேறுபாடு எங்கே உள்ளது? இவ்வினாவிற்கு நம் பழைய நூல்களிலேயே விடையுண்டு என்பது எளியேன் கருத்து. அதனை முதலில் ஆராய்ந்து, பின்னர் இத்தொழில் பிற இடங்களில் வழங்குமாற்றையும் செய்முறையையும் காண்பாம்.

சொல் காட்டும் நெறி

துணியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களை வரிசைப்படுத்தி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். துணித்தல் என்பது வெட்டுதல். அதினின்று பிறந்தது துணி. அறுத்தலினின்று அறுவை பிறந்தது. கூறு செய்தலினின்று கூறை வந்தது. கிழித்தலோடு தொடர்புடையது கிழி. தோளில் இடும் துண்டின் பெயரோ தன் பொருளைத் தானே உரைக்கின்றது. தறியில் நெய்த நெடும்பாவினை வேண்டிய அளவுக்கு அறுத்தெடுத்த பின்னரே அஃது உடுத்தற்கு உரியதாயிற்று. ஆதலின் அறுத்த செயலே பொருளுக்குப் பெயராய் அமைந்தது. இதனால், துண்டு என்பது துணி கெட்டுப்போன நிலை என்று எண்ணுதல் பொருந்தாது. துணியாய்ப் பிறந்த எல்லாமே ஒரு காலத்தில் துண்டாய்ப் பிறந்தவைதாம்.

அறுத்ததை இணைத்தற்கும் தமிழில் சொற்கள் பல உண்டு. தைத்தல், இணைத்தல், ஒட்டுதல் என்பன யாவரும் அறிந்தவை. கைலியின் இரு தலைப்பையும் சேர்த்துத் தைப்பதை இன்றும் மூட்டுதல் என்பர். துன்னுதல் என்பது நெருங்குதல் எனவும் தைத்தல் எனவும் இருபொருள் படும் அழகிய சொல். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை, புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளரை எண்ணுமிடத்துத் துணி தைப்போரைத் துன்னகாரர் என்று குறிக்கின்றது. தோல் தைப்போரை அவரின் வேறாக வைக்கின்றது. கிழியாலும் நெட்டியாலும் பலவகைக் கைவேலை செய்வோரையும் அடுத்துக் கூறுகின்றது. எனவே துணித்துண்டினைக் கொண்டு பொருள் செய்தல் நம் நாட்டுத் துறைமுக நகரங்களில் பண்டே மதிக்கப்பெற்ற தொழிலென்பது பெறப்படும்.

ஒரு பாட்டில் இரு தையல்

பத்துப்பாட்டுள் இரண்டாவதாகிய பொருநராற்றுப்படை, கரிகாற் சோழனைப் பற்றி முடத்தாமக்கண்ணியார் பாடியது. அப்பாட்டில் தையல் இரண்டிடங்களில் வருகின்றது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்துப் படித்தால் நம் வினாவிற்கு விடை கிடைக்கும்.

முதலாவது, பாட்டின் தொடக்கத்தே யாழினை வருணிக்கும் இடம். யாழின் பத்தரை மூடியுள்ள தோலைப் புலவர் போர்வை என்றே அழைக்கின்றார். அத்தோலின் தலைப்புகள் கூட்டித் தைக்கப்பெற்றுள்ளன. அத்தையலுக்கு அவர் வழங்கும் சொல் பொல்லம் என்பது. அத்தையலின் ஒழுங்கைக் கண்டு அதற்கோர் உவமையும் கூறி மகிழ்கின்றார்.

இரண்டாவது, பொருநன் தான் உடுத்திருந்த ஆடையைப் பற்றிக் கூறும் இடம். அது வேர்வையில் நனைந்தது. ஈரும் பேனும் குடியேறியது. கிழிந்த இடந்தோறும் வேறு நூல் நுழைந்தது. அந்தத் தையலுக்கு வழங்கும் சொல் துன்னல். அரசன் அவ்வாடையை நீக்கி, இழை சென்ற வழியைக் கண்ணால் அறிய இயலாத நுண்ணிய ஆடையை நல்குகின்றான்.

ஒரே பாட்டில், ஒரே பொருநனிடத்தில், ஒரு தையல் புகழ் பெறுகின்றது. மற்றொரு தையல் இரக்கத்தைப் பெறுகின்றது. யாழைத் தைத்தவன் தோலை அறுக்குமுன்னரே அளந்தான். எத்தலைப்பு எத்தலைப்போடு சேரவேண்டும் என்பதை அவன் முன்னரே அறிந்திருந்தான். ஆடையைத் தைத்தவருக்கோ அவ்வுரிமை இல்லை. எங்கே தைக்கவேண்டும் என்பதைக் கிழிசல் முடிவு செய்தது. எந்நூலால் தைக்கவேண்டும் என்பதை இல்லாமை முடிவு செய்தது. ஆகவே யாழின் தையலில் அளவு முந்திற்று. கந்தையின் தையலில் கிழிசல் முந்திற்று. துன்னம் என்னும் சொல் பிற இடங்களில் பொதுவாகத் தையலையே குறிக்குமாயினும், இக்கட்டுரையில் வசதியின் பொருட்டு, அளவு முந்திய தையலைப் பொல்லம் என்றும் கிழிசல் முந்திய தையலைத் துன்னல் என்றும் வழங்குவாம்.

இதனால் துன்னலை இகழ்தல் கூடாது. பொருநன் அரசனைக் காணும் வரையில் அவன் மானத்தைக் காத்தது அந்த ஆடையே. யாரோ ஒருவர், ஒத்த நிறத்து நூல் இல்லாத குறையையும் பொருட்படுத்தாது, அமர்ந்து தைத்ததனாலன்றோ அது அத்துணை நாள் உழைத்தது? துன்னலின் பொருளை எடுத்துப் பொல்லத்தின் முறையால் ஆக்குவதே ஒட்டுப்போர்வையின் பெருமை. கந்தைக்குரிய துண்டு, யாழுக்குரிய அளவைப் பெறுகின்றது.

பிறர் கண்ட வழி

இம்முறையைப் பலவிடத்து மக்களும் தத்தம் வழியில் கண்டனர். பௌத்தத் துறவிகளின் சீவர ஆடை துண்டுகளை இணைத்து ஆக்கப்படுவது. மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பகுக்கப்பட்டுக் கிடந்த ஒழுங்கைப் புத்தர் ஆனந்தருக்குக் காட்டி, அவ்வடிவில் ஆடையமைக்கச் சொன்னார் என்று விநயபிடகத்து மகாவக்கம் கூறும். இலங்கையில் இன்றும் துறவிகளின் ஆடை அவ்வயல் வடிவிலேயே தைக்கப்படுகின்றது. வறுமையின் அடையாளமாயிருந்த ஒட்டு அங்கே துறவின் அடையாளமாயிற்று. அம்மாற்றத்தைச் செய்ததும் ஓர் அளவே.

கந்தை என்று நாம் இகழும் சொல்லின் வடமொழி மூலமே வங்காளத்தில் காந்தா என வழங்குகின்றது. அங்கே பழம்புடவைகளை அடுக்கி, புடவைக் கரையினின்று உருவிய வண்ண நூலால் பூவும் விலங்கும் தைப்பர். கருநாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்க மரபினர். அவருள் இந்துக்களும் இசுலாமியரும் கிறிஸ்தவரும் உளர். அவர்தம் பெண்டிர் பழந்துணித் துண்டுகளை ஓரத்தினின்று தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக் கவந்தி என்னும் போர்வை செய்கின்றனர். நான்கு மூலையிலும் முக்கோணமாய் மடித்த சிறு துண்டுகளை வைப்பர். அதற்குப் பூ என்பது பெயர். அப்பூ இல்லாத போர்வை முற்றுப்பெற்றதாகாது.

இனி நம் கடற்கரைக்கு நெருங்கிய செய்தியொன்றைக் காண்பாம். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் போர்த்துகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றினர். அவர்கள் இக்கரையில் நாடி வந்தவை முத்தும் சங்கும் மட்டுமல்ல. உள்நாட்டுத் தறிகளில் நெய்த பருத்தித் துணியும் அவர்தம் கப்பல்களில் ஏறிற்று. வடக்கே சோழமண்டலக் கரையிலிருந்து சாயமிட்ட சீட்டித்துணிகள் ஐரோப்பாவிற்குச் சென்றன. அத்துணிகளின் மேல் ஆங்கில மக்களுக்கு எழுந்த ஆசையைக் கண்டு அந்நாட்டு நெசவாளர் அஞ்சினர். 1700ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுச் சாயத்துணிகளின் இறக்குமதியை விலக்கிற்று. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை உடுத்தலையும் வீட்டில் வழங்குதலையும் விலக்கிற்று. 1774ஆம் ஆண்டில்தான் அக்கட்டு தளர்ந்தது.

அரிதாய்ப்போன பொருளின் நறுக்கும் பொன்னாகுமன்றோ? வட இங்கிலாந்தில் லெவன்ஸ் என்னும் மாளிகையில், ஏறத்தாழ 1708ஆம் ஆண்டில் ஆக்கப்பெற்ற ஒட்டுப்போர்வையொன்று பேணப்பட்டு வருகின்றது. ஆங்கில நாட்டில் இன்றளவும் எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுப்போர்வைகளுள் அஃது ஒன்று. அதன் துண்டுகள் இந்தியச் சீட்டித்துணிகள். செல்வர் மாளிகையில் வறுமையால் ஒட்டிடுவாரில்லை. நம் நாட்டுத் துணியின் சிறு நறுக்கையும் எறிய மனமின்றி அளந்து கோத்தனர். அங்கே போற்றப்பெற்ற அளவுத் துண்டு இங்கே பெருக்கித் தள்ளப்படுகின்றது என்பதை நினைக்குமிடத்து, பொருளின் மதிப்பு பொருளில் மட்டும் இல்லை என்பது தெளிவாகும்.

பின்னர் இக்கைவேலை எளியோரிடத்தும் சென்றது. சிறைத் திருத்தத்திற்கு உழைத்த எலிசபெத் பிரை அம்மையாரின் முயற்சியால் எழுந்த மாதர் சங்கம், தண்டனை பெற்றுக் கப்பலேறிய பெண்களுக்கு ஊசி, நூல், துணித்துண்டுகள் ஆகியவற்றை வழங்கி வந்தது. 1841ஆம் ஆண்டில் ராஜா என்னும் பெயருடைய கப்பலில் இங்கிலாந்தினின்று டாஸ்மேனியத் தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்ட பெண்கள், கடற்செலவின்போதே 2,815 துண்டுகளைக் கொண்ட ஒரு போர்வையைத் தைத்து முடித்தனர். அஃது இன்று ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. நாட்டினின்று அறுத்தெறியப்பட்டோர் அறுத்த துண்டுகளை இணைத்த செய்தி எண்ணுந்தோறும் நெஞ்சை உருக்குவதாகும்.

நம் பக்கத்துப் பெண்களுக்கும் ஊசி புதிதன்று. 1819ஆம் ஆண்டு முதல் நாகர்கோவிலில் ஊழியம் செய்த மால்ட் அம்மையார் அங்கே ரேந்தைப் பின்னலைக் கற்பித்தார். கால்டுவெல் ஐயரை மணந்த அவர்தம் மகளார் எலைசா அம்மையார் அதனை இடையன்குடிப் பெண்களுக்கும் பழக்கினார். அவ்விடையன்குடி எம் உடன்குடிக்குத் தென்மேற்கே, தேரி மணலுக்கும் பனைக்கும் நடுவே உள்ளது. ரேந்தைக்குப் புதிய மெல்லிய நூல் வேண்டும். தொலைவிலுள்ள சந்தை வேண்டும். ஒட்டுப்போர்வைக்கோ புதிதாய் வேண்டுவது நூற்கண்டு ஒன்றே.

அளவும் செய்முறையும்

உடன்குடியில் குளிர்காலம் என்று சொல்லத்தக்கது இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையும் மார்கழிப் பனியுமே இங்குப் போர்வைக்கு வேலை தருவன. ஆதலின் மேலைநாட்டார் போலக் கம்பளியையும் பஞ்சையும் உள்ளே திணித்தல் வேண்டா. இடையில் ஒரு பழைய வேட்டி போதும். பனைநார்க் கட்டிலின்மேல் விரிக்கவும், தளர்ந்தோரும் குழந்தைகளும் படுக்கவும், மழைநாளில் போர்த்தவும் அஃது உதவும். 3 அடி அகலமும் 6 அடி நீளமும் உள்ள கட்டிலுக்குரிய போர்வையை உதாரணமாகக் கொள்வாம்.

முதலாவது, துணி தேர்தல். பருத்தித் துணியோடு பருத்தித் துணியையே சேர்த்தல் வேண்டும். குலசேகரபட்டினத்துத் தசராவிற்கு வேடத்துணிகள் தைக்குங்காலத்தில் மின்னும் வழுவழுப்பான துண்டுகள் மிகுதியாகக் கிடைக்கும். கண்ணைக் கவர்வனவாயினும் அவை வழுக்கி அளவு கெடுக்கும், வேர்வையை உறிஞ்சா. அவற்றை வேறொரு வேலைக்கு ஒதுக்குக. தேர்ந்தவற்றை வெந்நீரில் நனைத்து உலர்த்துக. சிவப்பும் கருநீலமுமாகிய துண்டுகளை ஈரமாயிருக்கும்போதே வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் சாயம் போவது தெரியும். பழைய ஆடையில் கோடித்துண்டை இணைத்தால், அது சுருங்கிப் பழையதையும் கிழிக்கும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமை மாற்கு சுவிசேஷத்தின் 2ஆம் அதிகாரத்தில் உள்ளது. ஆழ்ந்த பொருளுடைய அவ்வுவமை, தையலறிந்த எவரும் ஒப்பும் தொழில் உண்மையின்மேல் நிற்கின்றது. துவைத்துச் சுருங்கிய பின்னரே புதியது பழையதற்குத் துணையாகும்.

இரண்டாவது, வெட்டுதல். 5 அங்குலச் சதுரமாகத் தடித்த அட்டை ஒன்றை வெட்டிக்கொள்க. அதன் விளிம்பு துணியின் பாவோடும் ஊடையோடும் ஒத்துக் கிடக்கவேண்டும். கோணலாய் வைத்து வெட்டிய துண்டு இழுபடும். தையற்காரரின் சாக்குக்கட்டியால் கோடிட்டு வெட்டுக. ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் தையலுக்குச் செல்லும். எஞ்சித் தோன்றுவது 4½ அங்குலம். 8 சதுரம் அகலத்திற்கும் 16 சதுரம் நீளத்திற்குமாக 128 சதுரங்கள் வேண்டும். 4½ அங்குலத்தை எட்டாற் பெருக்க 36 அங்குலமும், பதினாறாற் பெருக்க 72 அங்குலமும் ஆதல் காண்க.

இங்கே ஒரு கணக்கினை மனத்திற் கொள்க. 5 அங்குலச் சதுரத்தில் நூற்றுக்கு 19 பங்கு துணி தையலுக்குள் மறைகின்றது. அட்டையை 2½ அங்குலமாகக் குறைத்தால் நூற்றுக்கு 36 பங்கு மறையும். சதுரங்கள் 128க்குப் பதிலாக 648 வேண்டும். இணைக்கும் தையலின் நீளமும் இரண்டரை மடங்காகும். துண்டு சிறுக்கச் சிறுக்கத் துணியையும் பொழுதையும் தையல் தின்றுவிடும். ஆகவே கிடைத்த துண்டு அனைத்தையும் சேர்க்கவேண்டும் என்னும் ஆசைக்கும் ஓர் எல்லையுண்டு.

மூன்றாவது, பரப்புதல். வெளிர் நிறம் 64, அடர் நிறம் 64 என்று பிரித்துச் சதுரங்கப் பலகை போல மாற்றி மாற்றித் தரையில் பரப்புக. தைக்குமுன் எழுந்து நின்று பார்த்தல் நன்று. அருகிலிருந்து காணாத குறை அப்பொழுது தோன்றும். ஒரே துணியின் துண்டுகள் ஓரிடத்தில் கூடியிருந்தால் பிரித்து வைக்க.

நான்காவது, இணைத்தல். இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்துக் கால் அங்குலம் உள்ளே தைக்க. இரண்டிரண்டாய், பின் நான்கு நான்காய், பின் எட்டாய் ஒரு வரிசை முடியும். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்புறமாகவும் அடுத்ததன் மடிப்புகளை வலப்புறமாகவும் தேய்த்து வைத்தால், வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தி அமரும். இங்கே கை தளர்ந்தால் கேடு விளையும். ஒவ்வொரு தையலிலும் ஓரங்குலத்தில் 16இல் ஒரு பங்கு மிகுதியாக உள்வாங்கினால், இரு பக்கமும் சேர 8இல் ஒரு பங்கு குறையும். நீளவாட்டில் உள்ள 15 தையல்களிலும் அங்ஙனம் ஆனால் போர்வை ஏறத்தாழ 2 அங்குலம் குறுகிவிடும். ஒரு வரிசையில் மட்டும் அங்ஙனம் ஆனால் போர்வையே கோணும். சிறு பிழை சிறிதாய் நில்லாமல் கூடிப் பெருகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

ஐந்தாவது, அடுக்குதல். நான்கு முழ வேட்டி என்பது 6 அடி நீளம். இடைத்துணிக்கு அது மிகப் பொருந்தும். ஒரு பழம்புடவையின் இரு கரைகளையும் அறுத்து வைத்துக்கொண்டு, உடற்பகுதியை அடித்துணியாக்குக. அது நாற்புறமும் சிறிது மிகுந்து நிற்றல் நலம். மூன்றையும் சுருக்கமின்றி விரித்து, நடுவினின்று ஓரத்திற்கு நீண்ட தற்காலிகத் தையலிட்டுப் பிணைக்க. பின் சதுரங்களின் கோட்டினை ஒட்டிச் சிறிய ஓட்டுத்தையலால் மூன்றையும் ஊடுருவத் தைத்துத் தற்காலிக நூலை உருவிவிடுக. துவைக்கும்போது உள்துணி திரளாமல் காப்பது இத்தையலே.

ஆறாவது, கரை கட்டுதல். போர்வையின் சுற்றளவு 18 அடி, அஃதாவது 6 கெஜம். ஒரு புடவையின் நீளமும் ஏறத்தாழ அவ்வளவே. ஆகவே அறுத்து வைத்த ஒரு கரை நான்கு பக்கத்தையும் சுற்றி வரும். மூலை மடிப்புக்கும் குறைக்கும் மற்றக் கரை உதவும். அன்னையோ பாட்டியோ உடுத்த புடவையாயின், அதன் கரை அவ்வீட்டாரின் போர்வைக்கு வேலியாய் நிற்பது பொருத்தமன்றோ?

உழைப்பின் கணக்கு

இனி, பலரும் எண்ணாத ஒன்றை எண்ணிப் பார்ப்பாம். மேற்கூறிய போர்வையின் மேல்முகத்தை மட்டும் இணைக்கும் தையலின் நீளம் ஏறத்தாழ 92 அடி. கையால் தைப்பவர் அங்குலத்திற்கு எட்டுத் தையல் இட்டால், ஊசி 8,800 முறைக்கு மேல் துணியில் இறங்கி ஏறவேண்டும். மூன்று அடுக்கையும் பிணைக்கும் தையலும் கரைத் தையலும் இதில் சேரவில்லை.

ஆயினும் இத்தகைய போர்வையைக் கண்டவர் முதலில் கேட்பது யாது? பழந்துணிதானே, இதற்கு விலையா என்பதே. துணி விலையின்றிக் கிடைத்தது மெய். அதனால் உழைப்பும் விலையின்றிக் கிடைத்ததென்று கொள்ளுதல் எவ்வாறு நீதியாகும்? பொருநனின் ஆடையைத் தைத்தவர் பெயரை அந்தப் பாட்டும் கூறவில்லை. துன்னுவோரின் பெயர் மறைவது பழைய வழக்கமாய் இருக்கலாம். அவர்தம் கூலியும் மறைதல் கூடாது.

எம் ஊரின் பெயர் கருப்பட்டியால் விளங்குவது. பதநீர் இறங்கும் மாதங்களில் அதனைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கும் அடுப்பின் வெம்மையைப் பெண்டிரே பெரிதும் தாங்குகின்றனர். பருவம் முடிந்தால் அவ்வருவாயும் முடியும். மணப்பாட்டுப் பக்கத்துப் பெண்டிர் பனையோலையைச் சாயமிட்டு முடையும் பெட்டிகளைப் பாருங்கள். வெளிர் நிறமும் அடர் நிறமும் மாறி மாறி வரும் சதுரங்கள் அவற்றில் உண்டு. அக்கைகளுக்கு ஒட்டுப்போர்வையின் கணக்கு எளிதிற் புலப்படும். துண்டும் அருகில் உண்டு, திறமும் உண்டு, ஓய்ந்த மாதங்களும் உண்டு. இல்லாதது நேர்மையான விலை ஒன்றே.

அது கிடைக்கக்கூடியதே என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்க நாட்டு அலபாமா மாநிலத்தின் வில்காக்ஸ் வட்டாரத்தில் வறிய கறுப்பினப் பெண்கள் 1966ஆம் ஆண்டில் பிரீடம் குவில்டிங் பீ என்னும் கூட்டுறவை அமைத்துத் தம் ஒட்டுப்போர்வைகளை விற்கத் தொடங்கினர். அவ்வட்டாரத்து ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரின் போர்வைகள் 2002ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள விட்னி கலைக்கூடத்தில் ஓவியங்கள் போலச் சுவரில் வைத்துக் காட்டப்பெற்றன. அவை வேலைக்கு உடுத்துத் தேய்ந்த காற்சட்டைகளாலும் சட்டைகளாலும் ஆனவை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், துணி என்பதே துண்டினின்று பெயர் பெற்றதென்பதும், கிழிசல் முந்திய தையல் துன்னலாகவும் அளவு முந்திய தையல் பொல்லமாகவும் பழம்பாட்டொன்றிலேயே அமைந்துள்ளன என்பதும், துன்னலுக்குரிய துண்டினைப் பொல்லத்தின் அளவால் உயர்த்துவதே ஒட்டுப்போர்வை என்பதும் விளங்கும். அளவட்டைக்கு எல்லாத் துண்டும் ஒன்றே. புதுப்புடவையின் மிச்சமும் தேய்ந்த கைலியின் நல்ல பகுதியும் அதன்கீழ் வந்தால் ஒரே சதுரமாகின்றன. ஒன்றுக்கு மிகுதியாக இடம் அளிப்பின் போர்வை கோணுகின்றது.

நம் கல்லூரி மாணவருள்ளும் மாணவியருள்ளும் தையல் அறிந்தோர் விடுமுறையில் இதனை முயல்வாராக. அறியாதோர் அட்டை வெட்டவும் கோடிடவும் துணைபுரியலாம். அதற்கு வேண்டுவது பொறுமையே. விலைக்கு வாங்குவோர் துணியைத் தடவிப் பார்ப்பதற்கு முன் தையலை எண்ணிப் பார்ப்பாராக. எண்ணத் தொடங்கியவர் முதல் வரிசை முடியுமுன்னரே குறைத்துக் கேட்க நாணுவர் என்பது திண்ணம்.